மாரிக்கு முந்தி: சொந்த வீட்டைத் தன் கையால் திருத்த இறங்கும் திருகோணமலைப் பெண்களுக்கு

கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பேரில்தான் இருக்கும். தமிழ்க் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும், மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீட்டு உறுதியை அவள் பேருக்கு எழுதிக் கொடுப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஆனால் அந்த வீட்டின் கூரையில் ஓர் ஓடு விலகினால், யன்னலடியில் பூச்சுக் கழன்றால், உறுதியில் பேர் உள்ளவள் யாராவது வந்து செய்து தரட்டும் என்று காத்திருக்கிறாள். கணவர் கட்டாரில் இருப்பார், அல்லது போர் அவரைக் கொண்டுபோயிருக்கும். மேசனைக் கூப்பிட்டால் அவர் பெரிய வேலை உள்ள இடத்துக்குத்தான் முதலில் போவார். இரண்டு அடிப் பூச்சுக்காக ஒரு நாளை ஒதுக்க அவருக்கும் கட்டாது. இப்படிக் காத்திருக்கும் சின்ன வேலைகள்தான் இரண்டு மாரி கழிந்ததும் பெரிய செலவாகி நிற்கும்.

அந்தச் சின்ன வேலைகளை நாமே செய்யலாம். சீமெந்து குழைக்கிறதும் மணல் அரிக்கிறதும் பெண்களுக்குப் புதிதல்ல. கட்டட வேலைகளில் மேசனுக்குக் கையாளாக நின்று எத்தனையோ பெண்கள் வருடக்கணக்காக இதைச் செய்கிறார்கள். தங்கள் சொந்தச் சுவரில் கரண்டி பிடிக்க மட்டும் யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த ஊர் வீடுகளுக்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவை தண்ணீராலும் உப்பாலும் வருபவை. உப்புவெளி, திருக்கடலூர், டச்சுக்குடா போன்ற கரைப் பக்கத்தில் உப்பு காற்றிலேயே இருக்கிறது. உள்ளே தள்ளிப் போனாலும் கிணற்றுத் தண்ணியிலும் மணலிலும் அது வரக்கூடும். ஆகவே வேலையின் வரிசை பார்வைக்கு அசிங்கமான இடத்தில் தொடங்குவதில்லை. தண்ணி எங்கே நுழைகிறதோ அங்கே தொடங்கி, மேலிருந்து கீழாக, வெளியிலிருந்து உள்ளாகப் போக வேண்டும். முதலில் கூரை, பிறகு பீலி, சுவரடி மண், பூச்சு, கதவு, கடைசியில் பெயின்ற். தைப்பொங்கலுக்கு அவசரமாகப் பெயின்ற் அடித்து, வைகாசியில் அது செதில் செதிலாக உரிவதைப் பார்த்து மனம் நொந்த வீடுகள் நம் ஒழுங்கைகளில் நிறைய உண்டு. அந்தப் பெயின்றில் பிழை இல்லை. சுவருக்குள் ஈரம் இருந்தது.

எந்த மாதத்தில் எந்த வேலை

நமக்குப் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை நீளும். நவம்பரும் டிசம்பரும் அதன் உச்சம். மே தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பர் வரை கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும், சூடும் வறட்சியும் புழுதியும் சேர்ந்து. தெற்கிலும் மேற்கிலும் மழை கொட்டும் காலம் நமக்குக் கோடை. கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் ‘நல்ல மாதம்’ நமக்குப் பொருந்தாது.

மழை நாட்கள் வேலை செய்யும் காலமல்ல, ஆனால் பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து, கடும் மழை பெய்யும்போது அறை அறையாகப் போங்கள். எங்கே சொட்டுகிறது, சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, பீலி எங்கே வழிகிறது, வளவுத் தண்ணி எந்தப் பக்கம் தேங்குகிறது என்று எழுதுங்கள். ஈரத்தின் விளிம்பைச் சுவரிலேயே பென்சிலால் கோடிட்டுத் திகதி போடுங்கள். கோடை வந்ததும் அந்த இடம் காய்ந்து ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். அப்போது உங்களுக்கு வழி காட்டுவது அந்தக் கோடுதான்.

மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை பூச்சு வேலைக்கு உகந்த காலம். சுவர் காய்ந்திருக்கும், காற்று இன்னும் கடுமையாகியிருக்காது. சித்திரையில் பின்னேரம் இடி மழை வரலாம் என்பதால் வெளிப்பூச்சைக் காலையிலேயே முடியுங்கள். கச்சான் மாதங்களை ஈரச் சுவரைத் திறந்து காயவிடவும் பெயின்ற் அடிக்கவும் வைத்துக்கொள்ளலாம். செப்டெம்பர் முழுவதும் கூரைக்கும் பீலிக்கும். 2020 டிசம்பர் 2 அன்று புரெவிப் புயல் நமக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கமாகத்தான் கரையேறியது. தளர்ந்த ஓட்டையும் சீற்றையும் புரட்டாசிக்குள் பார்த்துவிட வேண்டும்.

நாம் தொடக்கூடாத வேலைகள்

துணிச்சல் நல்லது, ஆனால் சில வேலைகள் துணிச்சலுக்கு உரியவை அல்ல. மெயின் போர்ட், மீற்றர், புதிய வயரிங் ஆகியவற்றைத் தகுதியுள்ள மின் வேலைக்காரரிடம் விடுங்கள். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். ஈரச் சுவரும் வெறுங்காலும் சேர்ந்தால் அது உயிரை எடுக்கும். நீங்கள் செய்யவேண்டியது ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது. அழுத்தியதும் கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன் அதை மாற்றுவியுங்கள். சுவரில் துளை போடும்போது சுவிட்சுக்கும் பிளக் பேசுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் போடாதீர்கள். வயர் அந்தப் பாதையில்தான் ஓடும்.

தூண், வளை, சுமை தாங்கும் சுவர் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் கோடு போட்டுத் திகதி எழுதி, மூன்று மாதம் பாருங்கள். மயிர் போன்ற வெடிப்பு கோட்டைத் தாண்டாமல் நின்றால் நீங்களே அடைக்கலாம். நீண்டுகொண்டே போனாலோ, 5 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருந்தாலோ, யன்னல் மூலையிலிருந்து சரிவாக இறங்கி வெளிப்பக்கத்திலும் தெரிந்தாலோ, அனுபவமுள்ள மேசனையோ பொறியியல் தெரிந்தவரையோ கூப்பிடுங்கள். கொங்கிறீற் வளையில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தாலும் அதுதான் வழி. இரும்பு துருவாகும்போது பருக்கும், பருத்துச் சுற்றியுள்ள சீமெந்தைப் பிளக்கும். மேலே பூசி மறைத்தால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

அஸ்பெஸ்டோஸ் சீற் உள்ள வீடு என்றால் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். அதன் தூசு சுவாசப்பைக்குள் போனால் புற்றுநோய் வரலாம், அதுவும் பல பத்து வருடங்கள் கழித்து. அதனால் சீற்றை வெட்டவோ துளைக்கவோ உரஞ்சிப் பாசி எடுக்கவோ கூடாது. உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டவும் கூடாது. சீற்றின் மேல் ஏறி நிற்பதும் உயிராபத்து, பழைய சீற் ஆளின் பாரத்தில் சட்டென்று உடையும். உடைந்த துண்டு முற்றத்தில் கிடந்தால் தண்ணி தெளித்து நனைத்து, கையுறையோடு எடுத்து, தடித்த பொலித்தீனில் கட்டி வையுங்கள். ஒழுங்கைப் பள்ளத்தை நிரப்ப அதைப் போடுவது பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தூசு பரப்புவதாகும்.

புதிதாக அறை இறக்குவதற்கும் மதில் கட்டுவதற்கும் உங்கள் உள்ளூராட்சிச் சபையின் அனுமதி தேவை. கடலோரமாக இருந்தால் இன்னொன்றும் சேரும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுமானத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பழைய பூச்சைத் திருத்துவதற்கும் பெயின்ற் அடிப்பதற்கும் இது எதுவும் வேண்டாம்.

கருவியும் சாமானும்

தொடக்கத்தில் நிறைய வாங்க வேண்டியதில்லை. சுத்தியல், தட்டை உளி, மேசன் கரண்டி, தேய்க்கிற பலகை, நேரான நாலடிச் சட்டம், கம்பிப் பிரஷ், அளவு நாடா, இரண்டு வாளி, ஒரு தாச்சி, மணல் அரிக்கும் வலை, மட்டம் பார்க்கும் கருவி. டிரில் மெசின் வேண்டும்போது அயலில் இரவல் கேட்கலாம். பணத்தை மிச்சம் பிடிக்காமல் வாங்க வேண்டியது கண்ணாடி, தூசு மறைப்பு, ரப்பர் கையுறை மூன்றும். ஈரச் சீமெந்து தோலை எரிக்கும். வலி தெரியும்போது தோல் வெந்திருக்கும். பட்டால் உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவ வேண்டும். ஏணி ஏறும்போது சோட்டி, சேலை, துப்பட்டா வேண்டாம். இறுக்கமான காற்சட்டையும் பிடிப்புள்ள செருப்பும் போடுங்கள், கூந்தலை முடிந்து கட்டுங்கள். ஏணி நாலடி உயர்ந்தால் அடிப்பகுதி சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள்.

ஹாட்வெயார் கடையில் “அண்ணையை அனுப்புங்கோ அக்கா, அவருக்குத்தான் விளங்கும்” என்று சொல்லக்கூடும். கோபப்பட வேண்டாம், கையில் தாளோடு போங்கள். பழைய உதிரிப்பாகத்தையே கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். “தம்பி, இதே அளவு, அரை அங்குலம், உப்புக்காத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஆணிதான் வேணும்” என்று சொன்னால் அடுத்த முறை அவரே உங்களிடம் அளவு கேட்பார். கரைப் பக்க வீடுகளுக்குத் துத்தநாக (சிங்க்) முலாம் பூசிய சாதாரண ஸ்குரூ ஆணிகள் நிற்காது. விலை கூடினாலும் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

சீமெந்து மூட்டை 50 கிலோ. தனியாகத் தூக்க முயலாதீர்கள். சின்ன வேலைக்குக் கிலோக் கணக்கில் தரும் கடைகள் உண்டு. திருகோணமலையிலேயே டோக்கியோ சீமெந்து ஆலை இருப்பதால் நமக்குச் சீமெந்து கிட்டத்திலேயே கிடைக்கும், ஆனாலும் மூட்டையில் உள்ள திகதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதையும், கையால் நசுக்க உடையாத கட்டிகள் உள்ளதையும் பூச்சுக்கு எடுக்காதீர்கள். மீதியைப் பொலித்தீனில் இரட்டையாகக் கட்டி, நிலத்தில் படாமல் பலகையின் மேல் வையுங்கள். கடற்காற்றின் ஈரமே அதை இறுக வைக்கும்.

மணல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கடற்கரை மணலை ஒரு தாச்சிகூட எடுக்காதீர்கள். சட்டப்படியும் பிழை, அதன் உப்பு உங்கள் சுவரை உள்ளிருந்து தின்னும். ஆற்று மணல்தான் வேண்டும், அதையும் அனுமதியோடு விற்பவரிடம் வாங்குங்கள். முழுக் கியூப் (100 கன அடி) தேவைப்படாது. அயலில் யாராவது வீடு கட்டினால் சில சாக்கு மணல் விலைக்குக் கேட்டுப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மேலே தண்ணியும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் சேறு தனிப் படையாகப் படியும். அந்தப் படை மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம். குழைப்பதற்குக் கிணற்றுத் தண்ணி உவர்ப்பாக இருந்தால் அதையும் விடுங்கள். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணியைப் பாவியுங்கள்.

கூரை, பீலி

ஓட்டு வீட்டில் பகல் வெளிச்சத்தில் யன்னல்களைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள். வெளிச்சம் ஊசி போல இறங்கும் இடமெல்லாம் தண்ணியும் இறங்கும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணாதீர்கள். தண்ணி ஓட்டைத் தாங்கும் மரச் சிலாகை வழியே ஓடி வேறிடத்தில் விழும். ஈரக் கறையை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து போங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியே ஹோஸ் பிடித்துக் கூரையின் கீழ் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக மேலே நனைத்துப் போகலாம். எந்த வரியில் சொட்டத் தொடங்குகிறதோ அங்கேதான் குற்றம்.

விலகிய ஓடு ஏணியில் நின்று எட்டும் தூரத்தில் இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். மேல் ஓட்டைச் சற்று உயர்த்தி, உடைந்ததை உருவி, புதியதைச் செருகி, அதன் கொளுவி சிலாகையில் பிடிக்கிறதா என்று பாருங்கள். அளவும் வளைவும் ஒத்த ஓடு இல்லாவிட்டால் பழைய ஓடு விற்கும் இடத்தில் தேடுங்கள். குரங்கு வரும் பகுதிகளில் ஓடு விலகுவது வருடம் முழுவதும் நடக்கும். ஓரத்து இரண்டு வரிகளைக் கம்பியால் சிலாகையோடு கட்டிவிட்டால் குரங்குக்கும் காற்றுக்கும் ஒரே காவல். முகட்டு ஓட்டு வேலை நம்முடையதல்ல.

பீலியைப் புரட்டாசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று என இரண்டு தரம் வழித்துத் துப்புரவாக்குங்கள். வேப்பிலையும் பலாச்சருகும் அடைத்தால் தண்ணி பின்பக்கமாகச் சுவருக்குள் வழியும். தேங்கிய பீலியில் டெங்கு நுளம்பும் முட்டையிடும். 2017 இல் கிண்ணியா பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒரு வாளி தண்ணியை ஒரு முனையில் ஊற்றிப் பாருங்கள். நடுவில் தேங்கினால் அந்த இடத்துத் தாங்கியைச் சற்று உயர்த்த வேண்டும்.

ஈரச் சுவர்

பெரும்பாலான வீடுகளின் தலைவலி இதுதான், ஆகவே நின்று நிதானமாகச் சொல்கிறேன். ஈரம் மூன்று வழியாக வரும். கூரையிலிருந்து இறங்கலாம், நிலத்திலிருந்து ஏறலாம், வெளிச்சுவரின் வெடிப்பால் நுழையலாம். சில வேளை சுவருக்குள் ஓடும் குழாயும் கசியும். தரையிலிருந்து மூன்றடி வரை அலையலையாக ஏறி, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். மழைக்குப் பிறகு மட்டும் ஒரு திட்டு தோன்றினால் வெளிச்சுவரைப் பாருங்கள். கோடையிலும் ஓரிடம் நனைந்தே இருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீற்றர் சுற்றுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் ஐயம் இருந்தால் ஓரடிச் சதுரத் தெளிவான பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் கட்டினால் காற்றோட்டம் போதவில்லை.

நிலத்து ஈரத்துக்கு நம் பகுதியில் அடிக்கடி காணும் காரணம் வளவு மண். முற்றம் கூட்டக் கூட்ட மணல் சுவரடியில் சேரும், பூஞ்சாடிக்கு மண் போடுவோம், பிறகு அதன் மேல் சீமெந்து நடைபாதையும் போடுவோம். அத்திவாரத்தின் மேல் ஈரம் ஏறாமலிருக்கப் போட்ட படைக்கும் மேலே மண் போய்விட்டால், அந்தப் படை இருந்தும் பயனில்லை. மண்வெட்டியை எடுத்து, வீட்டைச் சுற்றி நிலமட்டம் உள் தரையை விட ஆறு அங்குலமாவது தாழ்வாக இருக்கும்படி வழித்தெடுங்கள். நிலம் சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும், ஓரடிக்கு அரை அங்குலம் போதும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை, கடையில் விற்கும் எந்த ‘வோட்டர் புரூப்’ வாளியையும் விடக் கூடுதல் பலன் தரும்.

உள்ளே நீர் புகாப் பெயின்ற் அடித்து ஈரத்தை மூடிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, மூன்றடியில் நின்றது ஐந்தடிக்குப் போகும்.

மண்ணை வழித்த பிறகு, கச்சான் தொடங்கும்போது, கெட்ட பூச்சைக் கொத்தி எடுங்கள். ஈரக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓரடி வரை எடுக்க வேண்டும், உப்பு அங்கும் ஏறியிருக்கும். கல்லின் மேல் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி வெளியே கொட்டுங்கள். கழுவினால் உப்புக் கரைந்து மறுபடி கல்லுக்குள் போகும். சில வாரங்கள் அப்படியே திறந்து விட்டு, பூக்கும்போதெல்லாம் கூட்டுங்கள். வீட்டுக்கு வருபவர்கள் கேட்பார்கள், ஏன் சுவர் இப்படி என்று. காய்கிறது என்று சொல்லுங்கள். இந்தப் பொறுமையில்தான் அடுத்த பத்து வருடம் இருக்கிறது.

பூச்சு

சுத்தியல் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் பிடிப்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் பின்னால் வெறுமை. அந்த எல்லையைக் கோடிட்டு, உளியால் சதுரமாக வெட்டி எடுங்கள். ஓரங்களை உட்பக்கமாகச் சற்றுச் சரித்து வெட்டினால் புதுப் பூச்சு கவ்விப் பிடிக்கும். முதல் நாள் பின்னேரமே நன்றாக நனைத்து, வேலை தொடங்கும்போது மறுபடி தெளியுங்கள். உப்புக்காகக் காயவிட்ட சுவரை மட்டும் வேலை நாளில் இலேசாகத் தெளித்தால் போதும். கல் காய்ந்திருந்தால் கலவையிலுள்ள தண்ணியை உறிஞ்சிவிடும்.

கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து. சீமெந்தைக் கூட்டினால் உறுதி கூடும் என்ற எண்ணத்தில் ஒன்றுக்கு இரண்டு போடுவார்கள், அது வெடிக்கும். பத்துச் சதுர அடியை அரை அங்குலத் தடிப்பில் பூச 4 அல்லது 5 கிலோ சீமெந்தும் ஒரு வாளி மணலும் போதுமானவை. உலர்ந்தபடியே நிறம் ஒன்றாகும் வரை கலந்து, பிறகு தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கையில் எடுத்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணி ஒழுகக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கக்கூடிய அளவுதான் குழையுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணி விட்டு இளக்கிப் பூசினால் அது பிடிக்காது.

முதலில் நீர்த்த சீமெந்துப் பாலைப் பிரஷால் தடவி, அது காயும் முன் கலவையைக் கரண்டியால் எடுத்துச் சுவரில் அறையுங்கள். தடவுவதை விட அறைவதில் பிடிப்பு அதிகம். கை பழகும் வரை பாதி நிலத்தில் விழும், கீழே ஒரு பழைய சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். ஒரு தரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். பள்ளம் ஆழமென்றால் முதல் படையை ஆணியால் கீறிவிட்டு மறுநாள் அடுத்த படை. சட்டத்தைப் பழைய பூச்சின் இரு பக்கமும் படிய வைத்து, இடம் வலமாக அசைத்துக் கீழிருந்து மேலே இழுத்தால் மட்டம் கிடைக்கும். விரலால் அழுத்தினால் இலேசாகப் பதிந்து, ஆனால் ஒட்டாமல் வரும் பதத்தில் பலகையால் வட்டமாகத் தேய்க்கத் தொடங்குங்கள். மினுமினுப்புக்காக மேலே வெறும் சீமெந்துத் தூள் தூவ வேண்டாம். சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் வருவதற்கு அது ஒரு காரணம்.

பூசி முடித்தவுடன் வேலை முடியவில்லை. மறுநாள் தொடங்கி ஏழு நாள் சுவரை நனைத்து வைக்க வேண்டும். கச்சான் காலத்தில் காலை, மத்தியானம், பின்னேரம் என மூன்று வேளை தண்ணி தெளித்து, வெளிச்சுவரானால் நனைந்த சாக்கையும் தொங்கவிடுங்கள். சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை, தண்ணியைக் குடித்துத்தான் இறுகுகிறது. நாள் முழுக்க வேலைக்குப் போகும் பெண்ணானால் வெள்ளி பின்னேரம் தொடங்கும்படி திட்டமிடுங்கள், முதல் இரண்டு நாள் வீட்டில் இருப்பீர்கள்.

கதவும் இரும்பும்

மாரியில் கதவு இறுகும். அப்போது சீவாதீர்கள், கோடையில் இடைவெளி விழுந்து பல்லி பாம்பு நுழையும். எங்கே உரசுகிறது என்று பென்சிலால் அடையாளம் இட்டு வைத்து, பங்குனியில் பாருங்கள். அப்போதும் உரசினால் சீவுங்கள். முதலில் பிணைச்சல் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று முறுக்கிப் பாருங்கள், பாதிக் கதவுகளுக்கு அதுவே போதும். சீவினால் கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் மறக்காமல் பெயின்ற் அடியுங்கள். மரம் தண்ணி குடிப்பது அந்த இரண்டு இடத்தாலும்தான். நிலையில் மண் கோடு தெரிந்தால் கறையான். ஆணியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் தச்சரைக் கூப்பிடும் நேரம்.

யன்னல் கம்பியை முதலில் நல்ல தண்ணியால் கழுவிக் காயவிடுங்கள், உப்பின் மேல் அடித்த பெயின்ற் நிற்காது. துருவைக் கம்பிப் பிரஷால் எடுத்து, அன்றைக்கே ரெட் ஒக்சைட் அடித்து, பிறகு எனாமல் இரண்டு கோட். ரெட் ஒக்சைட் அடிக்காமல் ஓர் இரவு விட்டாலும் கடற்காற்றில் மறுபடி துரு எழும்பும். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

பெயின்ற்

புதுப் பூச்சுக்கு நான்கு வாரம் கழித்துத்தான். பழைய சுவரைக் கையால் தடவுங்கள், உள்ளங்கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அது சுண்ணாம்பு. சுரண்டி எடுத்து வோல் பிறைமர் அடிக்காமல் எமல்ஷன் பிடிக்காது. கறுப்புப் பூஞ்சணத்துக்கு ஒரு பங்கு பிளீச்சும் மூன்று பங்கு தண்ணியும் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

அளவு கணக்கு இலகு. 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவும் இரண்டு யன்னலும் போக ஏறத்தாழ 395. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும். இரண்டு கோட்டுக்கு 8 லீற்றர், அதாவது 4 லீற்றர் வாளி இரண்டு. இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து அடியுங்கள், நிற வேறுபாடு வராது. கச்சானில் காலை வேளையிலேயே அடித்து முடியுங்கள், காற்று எழும்பினால் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டும். வெளிச்சுவரில் வெயிலுக்குப் பின்னால், நிழல் விழும் பக்கமாகப் போங்கள். விளிம்புகளைப் பிரஷால் வெட்டி, அது காயும் முன் நடுப்பகுதியை றோலரால் உருட்டுங்கள்.

நகரத்துக்குள் வேலை செய்பவர்கள் வெறும் சீமெந்துப் பையையும் பொலித்தீனையும் வெளியே போட வேண்டாம். கோட்டைப் பக்கத்து மான்கள் தெருத் தெருவாக வந்து அவற்றைத் தின்கின்றன.

ஆள் பிடிக்கும்போது

நீங்கள் செய்யாத வேலைக்கு ஆளை அழைத்தால், உங்கள் கொப்பியைக் காட்டிப் பேசுங்கள். சின்ன வேலைக்கு நாட்கூலியை விட, செய்யவேண்டியதை எழுதி ஒப்பந்தமாகப் பேசுவது நல்லது. கலவை என்ன, எத்தனை நாள் நனைப்பது, நனைப்பது யார், கழிவை அகற்றுவது யார் என்று முன்கூட்டியே கேளுங்கள். சாமானை நீங்களே வாங்குங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். முழுக்காசையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று “தம்பி, இது ஏன் இப்பிடி?” என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் விளக்கிச் சொல்வார், அடுத்த வருடம் அந்த வேலையின் பாதியை நீங்களே செய்வீர்கள். பூச்சுக்கு ஏழு நாள் தண்ணி தெளிப்பது யார் என்பதைக் கடைசியாக ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். பெரும்பாலும் அது நீங்கள்தான்.